கேளுங்க, சொல்றேன்: அத்திரிபாச்சா மாப்பிள்ளையும் மாட்டிக்கிட்ட கயிறும்

போன மாசம் இந்தப் பக்கத்துல எங்க ஊர் லைப்ரரில நடந்த பொம்மலாட்டம் பத்தி நாலு வரி எழுதிருந்தேன். அத்திரிபாச்சா கொழுக்கட்டை கதைய 25 நிமிஷம் போட்டாங்க, நடுவுல கயிறு சிக்கிடுச்சு, புள்ளைங்க அதுக்குத்தான் பயங்கரமா சிரிச்சாங்கன்னு. அவ்ளோதான். அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா இந்த மாசம் வேற எதுக்கும் இடமில்ல. மாடித்தோட்டம் கேட்டவங்க, பல்லு வலி கேட்டவங்க எல்லாம் கோச்சுக்காம அடுத்த மாசம் வாங்க.

கேள்வி: அத்திரிபாச்சான்னு எங்க பாட்டி ஒரு கதை சொல்லும், எனக்கு சுத்தமா மறந்துபோச்சு சார். கதையையும் சொல்லுங்க, கயிறு எப்டி சிக்குச்சுன்னும் சொல்லுங்க. (ஒரு வாசகி, திருவாரூர்)

மறந்துபோச்சுன்னு சொல்றீங்க பாருங்க, கதையே அதாங்க.

புது மாப்பிள்ள ஒருத்தன் மாமியார் வீட்டுக்குப் போறான். அங்க கொழுக்கட்ட பண்ணிப் போடுறாங்க. அவன் ஜென்மத்துல அத சாப்ட்டதே இல்ல, இதுக்கு என்ன பேருன்னு கேக்குறான், கொழுக்கட்ட மாப்ளங்குறாங்க, உங்க பொண்ணுக்கு செய்யத் தெரியுமாங்குறான், அவளா, பேஷா செய்வாளேங்குறாங்க. பேரு மறந்துடக் கூடாதுன்னு வழி நெடுக கொழுக்கட்ட கொழுக்கட்டன்னு சொல்லிக்கிட்டே நடக்குறான். நடுவுல ஒரு வாய்க்கா. ஒரே தாவு, தாவும்போது வாய்ல வந்தது 'அத்திரிபாச்சா!' அந்தப் பக்கம் கால் வச்சதும் கொழுக்கட்ட போயே போச்சு, அத்திரிபாச்சா மட்டும்தான் மிச்சம். வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட அத்திரிபாச்சா பண்ணிக் குடுன்னு நிக்கிறான். அப்டி ஒரு பண்டமே இல்லையேங்குறா அவ. உங்கம்மா உனக்குத் தெரியும்னாங்களே, பொய்யா சொல்றன்னு சண்ட முத்தி அடிச்சுடுறான். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, 'அடப்பாவி, கன்னம் கொழுக்கட்ட மாதிரி வீங்கிடுச்சேடா'ங்குது. ஆங், அதேதான் அதேதான்னு குதிக்கிறான். கதை அவ்ளோதான்.

இது பொம்மைக்குன்னே பொறந்த கதைன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. பொம்மைக்கு இருக்கறது செதுக்கி வச்ச ஒரே மூஞ்சி, அதால மறந்துட்டேன்னு முழிக்க முடியாது, கண்ணீர் விட முடியாது, ஆனா நடக்கச் சொல்லுங்க, தாவச் சொல்லுங்க, மனுஷன் கிட்ட நிக்க முடியாது. அன்னிக்கு மாப்பிள்ள வாய்க்காலத் தாண்டினதும் ஆர்மோனியம் டக்குனு நின்னுது. பொம்மை அப்டியே நிக்குது. தலை மெதுவா எடப்பக்கம் சாயுது. அப்புறம் வலப்பக்கம். சத்தமே இல்ல. நாலு செகண்டு இருக்கும், முன்வரிசைல ஒரு பையனால பொறுக்க முடியாம 'கொழுக்கட்ட!'ன்னு கத்திட்டான். பொம்மை கைய காதுகிட்ட கொண்டுபோயி, 'என்னாது, வெத்தல பாக்கா?' அவ்ளோதான், லைப்ரரி கூரை பறந்துடுச்சு. பொம்மைக்குத் தெரியாதது எனக்குத் தெரியுதுங்குற சந்தோஷம் இருக்கே, அஞ்சு வயசுல அதவிட பெரிய பதவி எதுவும் கிடையாது.

கயிறு விஷயம். அது ரெண்டடி பொம்மை, முழுக்க நூல்தான், முட்டிக்கு தனித்தனியா ஒரு நூல். தாவுற வேகத்துல முட்டி நூல் போயி கை நூலோட பின்னிக்கிச்சு, மாப்பிள்ள நடராஜர் மாதிரி ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு நிக்கிறான், கால் இறங்க மாட்டேங்குது. ஒரு குட்டிப் பொண்ணு எந்திரிச்சு நின்னு 'மாமா, உங்க கால்ல கயிறு மாட்டிக்கிச்சு'ன்னு பொம்மைகிட்டயே சொல்லுது, ஆட்டுறவர்கிட்ட இல்ல, கவனிங்க. பின்னாடிலேந்து பதில் வருது, 'ஆமாம்மா, மாமியார் வீட்ல போட்ட முடிச்சு, லேசுல அவுறாது.' பெரியவங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள மேலேந்து ஒரு மனுஷக் கை இறங்குச்சு, நூலப் பிரிச்சு விட்டுச்சு, மேல போயிடுச்சு. புள்ளைங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப கொழுக்கட்ட கொழுக்கட்டன்னு கத்த ஆரம்பிச்சிட்டாங்க. எனக்குத்தான் ஒரு நிமிஷம் ஆச்சு அந்தக் கைய மறக்க.

கேள்வி: அந்தக் கதைல பொண்டாட்டிய அடிச்சு கன்னம் வீங்கறதுதான் ஜோக்கே. இத போயி குழந்தைங்களுக்குப் போடலாமா? (ஆசிரியை, விழுப்புரம்)

டீச்சர், நீங்க கேப்பீங்கன்னு தெரியும், நானும் ஷோவுக்கு முன்னாடி அவங்ககிட்ட அதத்தான் கேட்டேன். அவங்க அத மாத்திதான் வச்சிருந்தாங்க. கோவத்துல மாப்பிள்ள அடிக்கக் கையத் தூக்கிட்டு வேகமா வருவான், பொண்டாட்டி நகந்துடுவா, இவன் நேரா போயி நிலைப்படில முட்டிக்குவான். டங்குன்னு மிருதங்கத்துல ஒரு அடி. நெத்தி வீங்கிடும், சேப்புத் துணில பண்ணின ஒரு குட்டி உருண்டைய நூல்ல இழுத்து நெத்திக்குக் கொண்டுவராங்க, அருமையான வேல. அவதான் சிரிச்சுக்கிட்டே சொல்றா, 'என்னங்க, கொழுக்கட்ட மாதிரி வீங்கிடுச்சு'ன்னு. கதைக்கு ஒரு சேதாரமும் இல்ல, என்னைக் கேட்டா இன்னும் டைட்டா ஆயிடுச்சு, ஏன்னா வீக்கம் எவன் மண்டைல இருக்கணுமோ அவன் மண்டைலயே இருக்கு.

பாட்டி சொன்ன கதைய மாத்தலாமான்னு ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார், சேலத்துலேந்து. உங்க பாட்டி சொன்னதும் எங்க பாட்டி சொன்னதும் ஒரே மாதிரியா சார் இருந்துச்சு?

கேள்வி: எங்க ஊர்த் திருவிழாவுல நல்லதங்காள் பொம்மலாட்டம் போட்டாங்க. ஆறு வயசுப் பொண்ணக் கூட்டிட்டுப் போனேன். கிணத்து சீன்ல அழ ஆரம்பிச்சவ வீடு வர்ற வரைக்கும் நிறுத்தல, ரெண்டு நாள் என் முந்தானைய விடல. என் மாமியார் என்னத் திட்டுறாங்க. நான் செஞ்சது தப்பா? (ஒரு அம்மா, கும்பகோணம் பக்கம்)

தப்புன்னு சொல்ல மாட்டேன்மா. ஆறு வயசு கொஞ்சம் சீக்கிரம்னு வேணா சொல்லலாம்.

கதை தெரியாதவங்களுக்கு: மானாமதுரைல வாழ்க்கப்பட்ட நல்லதங்காள், பன்னெண்டு வருஷம் மழையில்லாம பஞ்சம் வந்து, ஏழு புள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்கு சோத்துக்குப் போறா. அண்ணன் வெளிய போயிருக்கான். அண்ணி மூளி அலங்காரி, பேர்லயே இருக்கு பாருங்க, பசியோட வந்த புள்ளைங்கள படுத்துற பாடு. மனசு ஒடஞ்சு ஏழு புள்ளைங்களையும் ஒண்ணொண்ணா கிணத்துல போட்டு தானும் விழுந்துடுறா. விருதுநகர் மாவட்டத்துல வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்துல அவளுக்குக் கோயிலே இருக்கு. இது குழந்தைங்களுக்குன்னு கட்டின கதை இல்ல. தாய்மாமன் வீடு, அண்ணி, நாத்தனார்னு பெரியவங்க வயித்துல இருந்த நெருப்பு அது, ராத்திரி பூரா உக்காந்து அழுதுட்டுப் போவாங்க. புள்ளைங்க மடில தூங்கிடும், அதுதான் வழக்கம். உங்க பொண்ணு தூங்காம முழிச்சிருந்து பாத்துட்டா, அவ்ளோதான் விஷயம்.

அந்த சீன நான் ஒருதடவ ரொம்பக் கிட்ட இருந்து பாத்திருக்கேன். புள்ள பொம்மைங்க சின்னது, கையும் காலும் தொளதொளன்னு இருக்கும். மூணாவது புள்ளையப் போடும்போது பாட்டு நின்னுடுச்சு, சலங்கை சத்தம் மட்டும். இப்ப யோசிச்சா தெரியுது, பொம்மை கால்ல ஏது சலங்கை, அது ஆட்டுறவர் கால்ல கட்டிருந்தது, அவர் எடம் மாறி நிக்கிறார், அந்தச் சத்தம். அன்னிக்கு எனக்கு நாப்பது வயசு, தொண்ட அடச்சுப்போச்சு. ஒங்க பொண்ண சொல்லவா வேணும்.

இப்ப கேப்பீங்க, மேல அத்திரிபாச்சால ஒரு அடிய மாத்தினது சரின்னவன் இங்க ஏழு கொலைய அப்டியே காட்டலாங்குறியேன்னு. வித்தியாசம் இருக்கு. அங்க அடிய சிரிப்பா காட்டுறாங்க, வலிக்கிறவள யாருமே பாக்கறதில்ல. இங்க வலி வலியாவே இருக்கு, உங்க பொண்ணு அத சரியாத்தான் புரிஞ்சிக்கிட்டு அழுதிருக்கா. 'அது வெறும் கட்டைடி, அழாத'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரியும் அது கட்டைன்னு. பக்கத்துல படுக்க வச்சுக்குங்க, அவளா எதாவது கேட்டா பதில் சொல்லுங்க. மாமியார்கிட்ட, அவங்க சின்ன வயசுல என்னென்ன கூத்து பாத்தாங்கன்னு கேளுங்க, திட்டு நின்னுடும். அடுத்த தடவ வள்ளி திருமணம் போடும்போது கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கயித்த தலைல கட்டிக்கிட்டு ஆட்டுவாங்களாமே, நெஜமா? கழுத்து என்னத்துக்கு ஆகும்? (இன்ஜினியரிங் மாணவர், கோவை)

நெஜம்தான் தம்பி. நம்ம தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெரிய பொம்மைங்க இந்தியால இருக்கற கயிறு பொம்மைங்கள்லயே பெருசு, கனமும் ஜாஸ்தி. சிலது நாலரை அடி உயரம், 10 கிலோ வரைக்கும் கனம். அத ரெண்டு கைல தூக்கிக்கிட்டே மணிக்கணக்கா ஆட்ட முடியுமா? அதனால இரும்பு வளையம் ஒண்ணு, துணி சுத்தி, சும்மாடு மாதிரி தலைல வச்சுக்கறாங்க. பொம்மையத் தாங்குற கயிறு அந்த வளையத்துல கட்டிருக்கும். கனம் தலைக்குப் போயிடுது, ரெண்டு கையும் ஃப்ரீ, கைக்கொரு கம்பி, கம்பியோட அடுத்த முனை பொம்மையோட கைல. இவர் தலைய அசைச்சா பொம்மை அசையும், குனிஞ்சா குனியும், கம்பிய நீட்டினா கை நீளும். நீ மெக்கானிக்கலா இருந்தா உனக்கு சட்டுனு புரியும், லோடு ஒரு பக்கம் கன்ட்ரோல் ஒரு பக்கம்னு பிரிச்சிட்டாங்க. இதனாலதான் அந்த பொம்மை பரதநாட்டியம் ஆடுற அளவுக்கு கை பேசுது.

மரம் பெரும்பாலும் கல்யாண முருங்கை, ஏன்னா லேசு. லேசான மரத்துலயே 10 கிலோன்னா பாத்துக்க. பின்னாடி கருப்புத் துணி, மேல ஒரு துணிய இறக்கி ஆட்டுறவரோட மூஞ்சிய மறச்சிருப்பாங்க.

ராஜஸ்தான் கட்புத்லி இதுக்கு நேர் எதிர். சின்னதா இருக்கும், பாவாடைக்குக் கீழ காலே கிடையாது, ரெண்டு மூணு கயித்த விரல்ல சுத்திக்கிட்டு சும்மா சொழட்டி எடுப்பாங்க, வாய்ல ஒரு பீப்பி வச்சுக்கிட்டு கீச்சு கீச்சுன்னு பொம்மைக் குரல் குடுப்பாங்க. அங்க வேகம், இங்க நிதானம். எது ஒசத்தின்னு கேக்காத. நான் காவேரிக்கரைக்காரன், பதில் உனக்கே தெரியும்.

கழுத்து? பெரிய பொம்மை ஆட்டுற ஒருத்தர்கிட்ட கேட்டேன், 'கழுத்து வலி இல்லாத நாளு பொம்மை ஆடாத நாளு'ன்னார், டீ குடிச்சிக்கிட்டே.

கேள்வி: திருக்குறள்ல பொம்மலாட்டம் வருதாமே? (ஒன்பதாம் வகுப்பு, மதுரை)

ரெண்டு எடத்துல வருது. 1020-வது குறள், 'நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று.' வெக்கம் இல்லாதவன் நடமாடறது, மரபொம்மைய கயித்துல கட்டி உயிர் இருக்கற மாதிரி ஏமாத்தறது போலங்குறார். அதுல ஒரு வார்த்தை விளையாட்டு இருக்கு, நாண்னா வெக்கம், நாண்னா கயிறும்தான், உங்க தமிழ் ஐயாகிட்ட கேளு, சந்தோஷப்படுவார். இன்னொண்ணு 1058, பிச்சை கேக்குறவங்களே இல்லாத ஒலகம், மரப்பாவை போயிட்டு வர்ற மாதிரின்னு. ரெண்டு எடத்துலயும் பொம்மைக்குத் திட்டுதான். நம்ம லைப்ரரில முன்வரிசைல உக்காந்திருந்தா அவரும் கொழுக்கட்டன்னு கத்திருப்பார்னு எனக்கு ஒரு எண்ணம்.

கேள்வி: தோல்பாவைக்கூத்தும் இதுவும் ஒண்ணா? (நாகர்கோவில்)

இல்ல. உங்க ஊர்க்காரங்க நீங்களே இப்டி கேக்கலாமா? அது ஆட்டுத்தோல்ல வரஞ்சு வெட்டின பாவை, வெள்ளைத் திரைக்குப் பின்னாடி விளக்கு, நாம பாக்கறது நிழல். இதுல மரம், கயிறு, பொம்மையையே நேரா பாக்கறோம். ஆனா குழந்தைங்க விஷயத்துல தோல்பாவைக்கு ஒரு பிளஸ் உண்டு, உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிங்க. ராமாயணம் நடந்துட்டு இருக்கும்போது நடுவுல வந்து அடிக்கற லூட்டி இருக்கே, ராமர விட அவங்களுக்குத்தான் கூட்டம்.

கேள்வி: உலக பொம்மலாட்ட தினம் எப்போது? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். (தருமபுரி)

மார்ச் 21. உலக பொம்மலாட்டக் கலைஞர்களோட அமைப்பு யூனிமா, 1929ல பிராக் நகரத்துல ஆரம்பிச்சது. செக், ஸ்லோவாக் பொம்மலாட்டம் 2016லயும், இலங்கையோட நூல் பொம்மை நாடகம், அம்பலாங்கொட பக்கம் 'ரூகட'ன்னு சொல்றது, 2018லயும் யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறிடுச்சு. பாஸானா ஸ்வீட் அனுப்புங்க. கொழுக்கட்டையா இருந்தா உத்தமம்.

கேள்வி: எங்க ஸ்கூல் புள்ளைங்கள வச்சு நாங்களே ஒரு சின்ன கயிறு பொம்மலாட்டம் போடணும். கைல காசு கம்மி. என்ன செய்யலாம்? (நூலக தன்னார்வலர், புதுக்கோட்டை)

செய்ங்க, கட்டாயம் செய்ங்க, ஆனா மொத தடவையே ராமாயணத்துல கை வைக்காதீங்க. மூணு பொம்மைக்கு மேல வேண்டாம். மேடைல ஒரே நேரத்துல ரெண்டு பொம்மை நின்னாலே நூல் நூலோட சண்ட போடும். குரங்கும் முதலையும் எடுங்க, ரெண்டே கேரக்டர், ஒண்ணு மரத்து மேல ஒண்ணு தண்ணில, சிக்கவே சிக்காது.

தலைக்கு பழைய நியூஸ் பேப்பர ஊற வச்சு கூழாக்கி, வெந்தயம் அரைச்சு சேத்து, ஒரு பலூன் மேல பூசிக் காயவிடுங்க, எங்க பாட்டி முறம் மெழுகுறதுக்கு பண்ணின அதே கூழ்தான். கை காலுக்கு துணிக்குள்ள பஞ்சு. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: கால் லேசா இருந்தா பொம்மை நடக்காது, காத்துல மெதக்கும், பேய்ப்படம் மாதிரி இருக்கும். பாதத்துக்குள்ள ரெண்டு நட்டு போல்ட்டு வச்சு தைங்க, கைலயும் சின்னதா ஒண்ணு. கனம் இருந்தாத்தான் நூல் டைட்டா நிக்கும், டைட்டா நின்னாத்தான் நீங்க சொல்றத பொம்மை கேக்கும்.

நூல் விஷயம். மீன் புடிக்கிற நைலான் கண்ணுக்குத் தெரியாதுன்னு வாங்குவீங்க, லைட்டு பட்டா அதுதான் மொதல்ல பளபளன்னு தெரியும், முடிச்சும் வழுக்கும். முறுக்கின கருப்பு நூல் போதும். காதுக்கு மேல ரெண்டு, கைக்கு ரெண்டு, முட்டிக்கு ரெண்டு, முதுகுக்கு ஒண்ணு, ஆக ஏழு. முதுகு நூல மறந்தீங்கன்னா பொம்மைக்கு வணக்கம் சொல்ல வராது, தலை நூல தளத்தி முதுகுல தாங்கினாத்தான் குனியும். பிடிக்கு ரெண்டு மர ஸ்கேல சிலுவை மாதிரி கட்டிக்குங்க. வேல முடிஞ்சா பொம்மைய கீழ போடக்கூடாது, ஆணில தொங்க விடணும். பொட்டில வைக்கிறதுன்னா நூலெல்லாம் சேத்து முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைங்க. இத நான் சொல்லியும் கேக்காம போட்டு வச்சிட்டு மறுநாள் மூணு மணி நேரம் சிக்கெடுக்கப் போறீங்க, பரவால்ல, எல்லாரும் ஒருதடவ அப்டித்தான்.

நேரம் இருவது நிமிஷம், அதுக்கு மேல ஒண்ணுக்கு வரும். புள்ளைங்களுக்கு சேர் போடாதீங்க, தரைல உக்காந்தாத்தான் ஒண்ணா கத்துவாங்க.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல பொங்கலுக்கு ஒரு குழுவக் கூப்பிடலாம்னு இருக்கோம். என்ன கவனிக்கணும்? (சென்னை)

எத்தன பேரு வராங்கன்னு மொதல்ல கேளுங்க. ஆட்டுறவங்க தவிர பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம்னு ஒரு கூட்டமே வரும், வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் அதுல அடங்கும். பொம்மைய மட்டும் பாத்து ரேட்டு பேசாதீங்க.

அப்புறம் நேரம். ஒரு ஸ்கூல்ல, பேரு வேண்டாம், நான்தான் நடுவுல இருந்து ஏற்பாடு பண்ணினேன், அதனால அசிங்கம் எனக்கும் சேத்து. அரிச்சந்திரா கேட்டிருந்தாங்க, ஒரு மணி நேரம்னு பேச்சு. சீஃப் கெஸ்ட் பேசி, அவருக்கு சால்வை போட்டு, போட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ள மிச்சம் இருந்தது இருவது நிமிஷம். பிள்ளையார் பூஜை முடிஞ்சு கோமாளி வந்து ஆட ஆரம்பிச்சதும் கீழேந்து ஒருத்தர், 'அதெல்லாம் கட் பண்ணிட்டு நேரா சுடுகாட்டு சீனுக்குப் போங்க'ங்குறார். அரிச்சந்திரன் நாட்ட எழக்கவே இல்ல, பொண்டாட்டிய விக்கவே இல்ல, நேரா சுடுகாட்டுல நிக்கிறான், புள்ளைங்க இவரு யாருன்னு பாக்குறாங்க. பொம்மை ஆட்டின பெரியவர் ஒண்ணும் சொல்லல, பொம்மையப் பொட்டில வைக்கும்போது மட்டும், 'பொய் சொல்லாதவன் கதைய பொய்யா முடிச்சுட்டோம்'னார். அதுலேந்து நான் ரெண்டாவது நிகழ்ச்சியா பொம்மலாட்டத்த வைக்கிற எடத்துக்கு ஆள் அனுப்பறதில்ல. மொதல்ல கூத்து, அப்புறம் சால்வை.

கேள்வி: ஷோ முடிஞ்சப்புறம் பொம்மை எங்க தூங்கும் அங்கிள்? (ரெண்டாம் வகுப்பு, எங்க ஊர் லைப்ரரி வாசகி)

இந்தக் கேள்விய நீ என்ன கேக்கறதுக்கு முன்னாடி ஆட்டினவர்கிட்டயே கேட்டியே, நான் பக்கத்துல தான் நின்னேன். ஒரு பழைய தகர டிரங்குப் பொட்டி, உள்ள வேட்டி மடிச்சுப் போட்டிருந்துச்சு. மாப்பிள்ளையோட நூல எல்லாம் சேத்து முறுக்கி படுக்க வச்சார். மேல ஒரு துணி. அதுக்கு மேல மாமியார். நீ எட்டிப் பாத்துட்டு, 'அவங்களுக்குள்ள சண்ட வராதா?'ன்ன. அவர் பொட்டிய மூடிக்கிட்டே, 'கொழுக்கட்ட போட்ட மாமியார்டா கண்ணு, அதெல்லாம் வராது'ன்னார். நீ பொட்டி பக்கத்துல குனிஞ்சு, மெதுவா, உள்ள இருக்கறவனுக்குக் கேக்கற மாதிரி, ஒரே ஒரு தடவ 'கொழுக்கட்ட'ன்னு சொல்லிட்டு ஓடிட்ட.